செயலாளர் ஆண்டறிக்கை: யொரூபாச் சிந்தனை வாசிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இவ்வாண்டு நம் வாசிப்பு வட்டம் பாயோ அகோமொலாஃபேயின் எழுத்துகளை எடுத்துக்கொண்டது. நைஜீரியாவின் யொரூபா இனத்தவர், மருத்துவ உளவியல் படித்தவர், சென்னையில் குடியமர்ந்தவர். மகளுக்கு எழுதிய கடிதங்களாக 2017இல் வெளிவந்த அவருடைய நூலே அடிப்படைப் பாடம். நெருக்கடிக்கு நாம் தரும் பதிலே அந்த நெருக்கடியின் ஒரு பகுதியாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் அவர் எழுப்பும் கேள்வி.

தொடக்கக் கூட்டங்கள் தடம் மாறின. காலம் அவசரமானது, ஆகவே மெதுவாவோம் என்று அவர் அடிக்கடி சொல்வதைப் பலரும் 'சும்மா இருப்போம்' என்று புரிந்துகொண்டார்கள். அந்த வாக்கியத்தை மட்டும் தனியே படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆகவே பாட வரிசையை மாற்றினோம்: முதலில் இஃபா எனும் யொரூபாக் குறிகேட்பு, அடுத்து எஷு எனும் தெய்வம், கடைசியில் அகோமொலாஃபேயின் கட்டுரைகள். இந்த வரிசையையே பிற வட்டங்களுக்கும் பரிந்துரைக்கிறோம்.

இஃபா குறிகேட்கும் முறை இது. பபலாவோ எனும் குரு 16 எண்ணெய்ப்பனைக் கொட்டைகளை ஒரு கையில் வைத்து, மறுகையால் ஒரே வீச்சில் அள்ளுவார். ஒன்று மிஞ்சினால் பலகையில் பரப்பிய மரத்தூளில் இரண்டு கோடு; இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. வேறெப்படி வந்தாலும் செல்லாது, மறுபடி அள்ள வேண்டும். செல்லும் குறிகள் எட்டு, நான்கு நான்காக இரண்டு வரிசையில் சேர்ந்தால் ஓர் ஒடு, அதாவது ஒரு குறிவடிவம். வரிசைக்கு 16 வடிவம், ஆக 256 ஒடு. ஒவ்வொன்றுக்கும் உரிய பாட்டுகள் குருவுக்கு மனப்பாடம். வந்தவர் தன் குறையை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. குரு ஓதும் பாட்டுகளில் தனக்குப் பொருந்துவதை வந்தவரே கண்டுகொள்வார். பிறகு எபோ, அதாவது படையல். (பயிற்சிக்குப் புளியங்கொட்டை வேண்டாம், சிறியதாகையால் 16உம் ஒரே பிடியில் வந்துவிடும். கொட்டைப்பாக்கு பொருந்தும். எண்ணும் முறை விளங்கத்தான் இது, குறி பார்க்க அல்ல.)

அவசரமாக வந்தவருக்கு அங்கே உடனடித் தீர்வு கிடைப்பதில்லை. யாரோ ஒருவரின் பழங்கதைக்குள் தன் கேள்வியை வைத்துப் பார்க்கவும், எதை விட்டுக்கொடுப்பது என்று யோசிக்கவும் வேண்டியிருக்கிறது. அகோமொலாஃபே சொல்லும் மெதுவை இப்படிப் படித்தால்தான் அது சோம்பல் ஆகாது.

எஷு முச்சந்தியின் தெய்வம், படையலைக் கொண்டு சேர்ப்பவன், குழப்பமும் செய்பவன். அடிமைக் கப்பலில் கைதிகளோடு எஷுவும் ஏறினான் என்று அகோமொலாஃபே சொல்வார். மீட்க வரும் வீரனாக அல்ல, உடன்பயணியாக. கியூபாவில் எலெகுவா, பிரேசிலில் எஷூ என அவன் வழிபாடு இன்றும் நிற்கிறது. வெற்றி, தோல்வி என்ற கணக்குக்குள் இது அடங்காது; அவருடைய செயல்பாட்டுச் சிந்தனைக்கு இந்தக் கதை அச்சாணி.

கடும் விவாதம் லெக்கியைப் பற்றி. 2020 அக்டோபர் 20 அன்று, யொரூபா மண்ணான லாகோஸில், காவல் துறை அட்டூழியத்தை எதிர்த்து லெக்கி சுங்கச்சாவடியில் கூடிய இளைஞர்கள்மேல் ராணுவம் சுட்டது. அவர்களிடம் போய் 'மெதுவாவோம்' என்று சொல்ல முடியுமா? முடியாது என்றே பெரும்பாலோர் கருதினர். செயலாளரின் கருத்தும் அதுவே. துப்பாக்கிக்கு எதிரே நிற்பவருக்கான அறிவுரையாக இதை எடுப்பது தவறு. போராட்டம் அடங்கிய பின், எதிரியின் மொழியிலேயே கோரிக்கை எழுதிப் பழகிவிட்ட அமைப்புகளுக்கு இது பயன்படும். அவர் எழுத்தில் இந்த வேறுபாடு போதிய அளவு தெளிவாக இல்லை என்பது நம் விமர்சனம்.

அடுத்த ஆண்டு நைஜீரியாவின் ஒஷொக்போ நகரிலுள்ள, ஒஷுன் எனும் ஆற்றுத் தெய்வத்தின் புனிதக் காட்டைப் படிக்கலாம் என்பது செயற்குழுவின் முன்மொழிவு. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்