ஒரு ஊசிகூட உடையாத லைன்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலை இடத்து மன அழுத்தம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் வந்தவர்கள் எல்லாருமே ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். சரி, அவர்களுக்கும் கஷ்டம் இருக்கும். நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் 14 வருஷம் செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை, பார்த்தவள், எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

தைக்கும்போது ஊசி உடைந்தால் துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதிக் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றிக் கிடக்கும் பீஸ் எல்லாம் ஓரம் கட்டப்படும், காந்தம் வைத்துத் தரையெல்லாம் தேட வேண்டும். பிள்ளைகள் போடும் துணி, விளையாட்டில்லை.

ஒரு கம்பெனியில் எங்கள் லைன் நோட்டில் மூன்று மாதமாக ஒரு ஊசிகூட ஒட்டவில்லை. 30 தையல் மெஷின் வரிசையாக ஓடும் லைனில்! சூப்பர்வைசருக்குப் பாராட்டு வேறு. ஊசி போச்சு என்று யாராவது எழுந்தாலே, ‘மாடு மேய்க்கப் போக வேண்டியதுதானே’ என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார், ஊசிக் காசையும் பிடிப்பார். ஒரு நாள் பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் அலறியது. இரண்டு வயதுக் குழந்தையின் சட்டை, கழுத்துப் பட்டைக்குள் குருணை அளவுக்கு ஊசி நுனி. விசாரித்தால், ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கும் ஒரு பெண் சொந்தக் காசில் ஊசி பாக்கெட் வாங்கி டிபன் பையில் வைத்திருந்தாள், உடைந்தால் தானே மாற்றிக்கொள்வாள். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

எமி எட்மண்ட்சன் என்று ஹார்வர்டு பேராசிரியை ஒருவர், 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தாராம். நல்ல ஒற்றுமையுள்ள குழுக்களில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. குழம்பிப்போய் மேலும் பார்த்தால், அங்கே பயமில்லாமல் சொல்கிறார்கள், மற்ற இடத்தில் மறைக்கிறார்கள், இதுதான் விஷயம். என் மகள் போனில் படித்துக் காட்டியபோது எனக்கு அந்த டிபன் பைதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் நான் போன கம்பெனியில் புதிதாக ஒரு இன்சார்ஜ் வந்தார். ஊசி உடைந்தால் ‘கையில குத்திருச்சாம்மா?’ என்றுதான் முதலில் கேட்பார், பிறகு தானே குனிந்து காந்தத்தோடு தேடுவார். காசு பிடிப்பதை நிறுத்தினார். முதல் வாரமே 9 ஊசி ஒட்டினோம். ஆபீஸிலிருந்து வந்து, ‘உங்க லைன்ல மட்டும் ஏன் இவ்வளவு உடையுது?’ என்று கேட்டார்கள்.

‘மத்த லைன்ல உடைஞ்சதெல்லாம் எங்க போச்சுன்னு போய்க் கேளுங்க சார்’ என்றார் அவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்