வாக்ஸ் போட ஏன் அரை நாள் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் வாக்ஸ் என்னும் மெழுகுப் பூச்சுப் போடத் தன் காரை எங்களிடம் விட்டுச் சென்ற ஒருவர் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். அப்போதுதான் காரைக் கழுவி முடித்திருந்தோம். "மெஷினை வைத்து நாலு சுற்றுச் சுற்றினால் பளபளப்பு வந்துவிடாதா? இதற்கு ஏன் அரை நாள்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கை ஈரத்தோடு நின்றபடி அவருக்கு முழுப் பதிலும் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அந்தப் பதிலை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு. இரண்டையும் ஒரே மெஷினால் செய்வதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பது. அதிலுள்ள நுண்ணிய துகள்கள் பெயிண்டின் மேற்பரப்பைச் சீவி, கீறலின் கரைகளைத் தாழ்த்திச் சமப்படுத்துகின்றன. வாக்ஸ் என்பது மேலே பூசி வைப்பது. அது எதையும் எடுப்பதில்லை, கீறலைப் போக்குவதுமில்லை. போடுவதற்கு முன் பெயிண்ட் எப்படி இருந்ததோ, அதைத்தான் சற்று ஆழமான நிறத்தோடு காட்டும். கண்ணாடிபோல மின்னும் காரைப் பார்த்து "நல்ல வாக்ஸ்" என்கிறோம். அந்த மினுக்கத்தில் பெரும்பங்கு அதற்கு முன் நடந்த வேலையுடையது.

அப்படியானால் மாதாமாதம் பாலிஷே போட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நான் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் காரின் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு படலம் உண்டு. அதுதான் கிளியர் கோட். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் அதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். எங்களிடம் உள்ள அளவுக் கருவி பெயிண்டின் மொத்தத் தடிமனைத்தான் காட்டும். அதில் கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் அந்தக் கருவி வேலையே செய்யாது. ஆகவே ஒரு காருக்கு அதன் ஆயுளில் சில முறைதான் பாலிஷ் என்று வைத்துக்கொண்டு, மிச்ச நாட்களுக்கு வாக்ஸால் காப்பதே சரி என்று நம்புகிறேன்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எளிதானதல்ல. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கறுப்புக் காரின் பானெட்டில் ரோட்டரி மெஷின் ஓட்டினோம். ரோட்டரி ஒரே அச்சில் நிற்காமல் சுழல்வது, நின்ற இடத்தில் சூடு ஏற்றுவது. பானெட்டின் நடுவே மேடாக ஓடும் விளிம்பில் பெயிண்ட் மற்ற இடத்தைவிட மெல்லியதாக இருக்கும். மெஷினின் முனையில் மாட்டிய மெத்தை போன்ற பேடு அங்கே ஓரிரு நொடி கூடுதலாக நின்றுவிட்டது. கறுப்பு போய்ச் அடிப்பூச்சான சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது. எங்கள் செலவில் பானெட் முழுவதற்கும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம். அந்த வாடிக்கையாளர் இன்றும் எங்களிடம் வருகிறார். ஆனால் தொழிற்சாலையில் ஏறக்குறைய 140 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுத்த பெயிண்டை எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது. டயரும் வயரும் பிளாஸ்டிக்கும் பூட்டிய காரை 60 டிகிரி அளவில்தான் சூடேற்ற முடியும். அந்த பானெட்டை நினைக்கும்போதெல்லாம் இன்னும் மனம் கனக்கிறது.

அதன்பின் வாக்ஸ் போட ரோட்டரியைத் தொடுவதில்லை. இப்போது பயன்படுத்துவது டி.ஏ. மெஷின், அதாவது டூயல் ஆக்‌ஷன், இரட்டை இயக்க மெஷின். இதில் பேடு தானும் சுழலும், அதன் நடுப்புள்ளியும் ஒரு சிறு வட்டத்தில் விலகி விலகிச் சுற்றும். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவதைப்போல. சூடு ஒரே இடத்தில் சேராது. அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். வாக்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை. ஏனெனில் இங்கே மெஷினின் வேலை தேய்ப்பது அல்ல, மெல்லியதாகவும் எங்கும் ஒரே சீராகவும் பரப்புவது. கையால் பூசினால் ஓரிடம் கெட்டியாகவும் ஓரிடம் வெறுமையாகவும் போகும். மெஷின் அதைச் சரிசெய்கிறது. அவ்வளவே அதன் பெருமை.

எங்கள் ஊர் தூத்துக்குடி என்பதால் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி நேரம் போய்விடுகிறது. உப்பளத்திலிருந்து வரும் உப்புத்தூள், துறைமுகச் சாலையின் நிலக்கரித் தூசு, ஆடி மாதத்தில் கச்சான் என்னும் மேல்காற்று கொண்டுவரும் தேரிக்காட்டுச் செம்மண் எல்லாம் உங்கள் காரில் படிகின்றன. ஷாம்பு போட்டுக் கழுவியபின்னும் பானெட்டில் விரல் வைத்தால் சொரசொரப்பு தட்டும். பெயிண்டில் குத்திக்கொண்ட துகள்கள் அவை. கழுவினால் போகாது. கிளே என்னும் களிமண் போன்ற பசையை ஈரத்தோடு மெதுவாகத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். எடுக்காமல் பேடை வைத்தால் அந்தத் துகளையே கார் முழுவதும் இழுத்துக் கீறுகிறோம் என்று பொருள். போர்வெல் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் திட்டுகளும் அப்படியே. அவற்றின் மேல் வாக்ஸ் போட்டால் திட்டு உள்ளேயே அடைபட்டுவிடும்.

பிறகுதான் பூச்சு. கதவுக் கைப்பிடி ஓரம், கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை, ரப்பர் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுவோம். வாக்ஸ் அங்கே பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு எளிதில் போகாது. மென்மையான ஃபோம் பேடில் பட்டாணி அளவாக மூன்று நான்கு சொட்டு. பேடைக் காரின் மேல் வைத்த பிறகே மெஷினை ஓட விடவேண்டும். முன்னதாக ஓட்டினால் வாக்ஸ் சுவரெங்கும் தெறிக்கும். ஆறு வேகம் உள்ள மெஷினில் இரண்டாவது போதும். கை அழுத்தவே கூடாது, மெஷினின் எடையே அதிகம். நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை, ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் பாதியை மறைக்குமாறு. ஒரு நடுத்தரக் காருக்கு 30 மில்லி திரவ வாக்ஸுக்கு மேல் செலவானால் கெட்டியாகப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். கூடுதலாகப் போட்டது காப்பு தராது, துணியோடு போய்விடும்.

அடுத்தது காத்திருப்பு. மேலே மங்கலாகப் படர்ந்ததும் ஒரு விரலால் கோடு இழுத்துப் பார்ப்போம். விரல் பட்ட இடம் தெளிவாகத் தெரிந்தால் துடைக்கலாம், இழுபட்டால் இன்னும் காயவில்லை. துடைப்பது கையால்தான், மைக்ரோஃபைபர் துணியால், துணியை மடித்து மடித்து மாற்றி. இதற்கெல்லாம் நிழல் வேண்டும், காரின் உடம்பும் ஆறியிருக்க வேண்டும். வெயிலில் நின்று கொதிக்கும் காரில் வாக்ஸ் பூசியவுடனே உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் உங்களிடமிருந்து காரைப் பெற்றதும் சிறிது நேரம் சும்மா நிறுத்தி வைக்கிறோம். வேலை செய்யாமல் இருக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நாங்கள் அதிகம் பயன்படுத்துவது கார்னவ்பா வாக்ஸ். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. அந்த வறண்ட மண்ணில் ஓலையின் ஈரம் ஆவியாகிப் போகாமல் இருக்க மரம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஓலையை வெட்டி உலர்த்தித் தட்டி அந்தப் பொடியை எடுக்கிறார்கள். விசிறி ஓலையுள்ள மரம், நம் பனைக்குக் குடும்ப உறவு. இதைப் படித்தறிந்த நாளிலிருந்து அந்த டப்பாவின் மேல் எனக்குத் தனிப் பிரியம். நம் வெயிலிலும் உப்புக் காற்றிலும் ஆறு முதல் எட்டு வாரம் தாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட நீண்ட நாள் வேண்டுமென்றால் செயற்கைப் பூச்சுகள் இருக்கின்றன, கேளுங்கள்.

இரண்டு வகைக் கார்களுக்கு மட்டும் நாங்கள் வாக்ஸ் போடமாட்டோம். பளபளப்பில்லாத மேட் நிறம் அடித்த கார் ஒன்று, அது திட்டுத் திட்டாகப் பளபளத்துக் கெட்டுவிடும். சமீபத்தில் பெயிண்ட் அடித்த கார் இன்னொன்று. உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற இடம் வேண்டும் என்பதால் இரண்டு மாதமாவது பொறுக்கச் சொல்கிறோம்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். காலையில் தூசியோடு இருக்கும் காரைக் காய்ந்த துணியால் துடைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கறுப்புக் காரில் வெயில் படும்போது சிலந்திவலைபோலத் தெரியும் வட்டக் கீறல்களில் பெரும்பாலானவை அந்தத் துணியின் வேலை. ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றிவிட்டுப் பிறகு துணியைத் தொடுங்கள்.

காலை எட்டு மணிக்குள் காரைக் கொண்டுவந்தால் மதியம் இரண்டு மணிக்குத் தயாராக இருக்கும். வேலை நடப்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் உள்ளே வந்து உட்காரலாம், நாற்காலி போட்டிருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் கார் பராமரிப்புப் பட்டறையிலிருந்து,
தூத்துக்குடி