ஏழு நாளையும் எண்ணுங்கள்: புள்ளியியல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: செயலர், மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம், புது டெல்லி
நகல்: தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2025-ல் இரண்டு அறிவிப்புகள் வந்தன. சமூகப் பாதுகாப்புக்குள் இருக்கும் இந்தியர்கள் 2015-ல் 19 சதவீதம், இப்போது 64.3 சதவீதம், அதாவது 94 கோடிப் பேர் என்றது தொழிலாளர் அமைச்சகம். 2026-ல் நாடு தழுவிய குடும்ப வருமானக் கணக்கெடுப்பு நடத்தப்போவதாகச் சொன்னது உங்கள் அமைச்சகம். முதல் அறிவிப்புக்குக் கைதட்டல் கிடைத்தது. இரண்டாவதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. எங்களுக்கு முக்கியம் இரண்டாவதுதான். இந்த மடலும் அதற்காகத்தான்.

64.3 சதவீதம் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். குறைந்தது ஒரு திட்டத்தின் பயன் ஒருவரைத் தொட்டால் அவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் உள்ள ஆலைத் தொழிலாளி ஒரு தலை. மத்திய அரசின் பங்காக மாதம் 200 ரூபாய் முதியோர் உதவி பெறும் 65 வயதுப் பெரியவரும் ஒரு தலை. தலைகளை எண்ணியது தவறில்லை, உலக அளவில் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் அந்தத் தலைக்கு எவ்வளவு கிடைக்கிறது, அதே வீட்டில் உழைத்து வருவது எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லும் அட்டவணை ஒன்றுகூட உங்களிடம் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒரே குடும்பத்துக்கு உழைப்பால் வரும் வருமானத்தையும் அரசிடமிருந்து வரும் உதவியையும் ஒரே அட்டவணையில், அருகருகே, தனித்தனிப் பத்தியாக வெளியிடுங்கள். உழைப்பு வருமானத்தைக் கணக்கிடும்போது வேலை கிடைத்த நாட்களை மட்டுமல்ல, வாரத்தின் ஏழு நாளையும் எண்ணுங்கள்.

ஏழு நாள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பி.எல்.எஃப்.எஸ். எனப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு அன்றாடக் கூலியாளிடம் கடந்த ஏழு நாளையும் ஒவ்வொரு நாளாகக் கேட்கிறது: என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன கூலி. நல்ல முறை, குறை சொல்ல முடியாது. கோளாறு வெளியிடும்போது நடக்கிறது. அறிக்கையில் அச்சாவது "சாதாரணக் கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சராசரி வருமானம்". இதன் வகுஎண்ணில் வேலை நடந்த நாட்கள் மட்டுமே இருக்கின்றன.

கட்டட வேலைக்குப் போகும் ஒரு சித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள், செவ்வாய், வியாழன் வேலை. நாள் கூலி 600. புதனன்று சிமென்ட் வண்டி வரவில்லை, வெள்ளியும் சனியும் மழை. வாரத்துக்கு 1,800 ரூபாய். உங்கள் அட்டவணையில் அவர் 600 ரூபாய்த் தொழிலாளி. அடுப்பு எரிவதோ ஏழு நாளும். 1,800-ஐ ஏழால் வகுத்தால் 257. அறிக்கை சொல்வதற்கும் அரிசிப் பானை சொல்வதற்கும் நடுவில் 343 ரூபாய் காணாமல் போகிறது.

அதோடு முடியவில்லை. ஆறு நாள் வேலை கிடைத்தவரின் கூலி அந்தச் சராசரிக்குள் ஆறு முறை நுழைகிறது, ஒரு நாள் கிடைத்தவருடையது ஒரு முறை. ஒரு நாளும் கிடைக்காதவர் கூலிக் கணக்கிலேயே இல்லை, அவர் வேலையின்மை விகிதம் என்ற வேறொரு பக்கத்துக்குப் போய்விடுகிறார். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பர் வாரத்தில் கான்கிரீட் போடும் வேலை நின்றுவிடும். சித்தாள்கள் வீட்டில் இருப்பார்கள். உள்பூச்சும் டைல்ஸும் தெரிந்த கொத்தனாருக்கு மட்டும் வேலை ஓடும். அந்த வாரம் சராசரிக் கூலி குறையாது, ஏறக்கூடச் செய்யும். வேலை குறைந்த மாதத்தில் கூலி உயர்ந்ததாகக் காட்டும் அட்டவணையை வைத்துக்கொண்டு யார் என்ன கொள்கை வகுக்க முடியும்?

இன்னொரு ஓட்டையும் உண்டு. கையில் வந்த கூலி மட்டுமல்ல, வரவேண்டிய கூலியும் வருமானமாகப் பதிவாகிறது. "சனிக்கிழமை மொத்தமா தரேன்" என்று மேஸ்திரி சொன்ன தொகையும் கணக்கில் ஏறிவிடும். முன்பணத்துக்குப் பிடித்துக்கொண்டு பாதியைத் தந்தாலும், தராமலே அடுத்த ஊர் வேலைக்குப் போய்விட்டாலும், பதிவு திருத்தப்படுவதில்லை.

இதைச் சரிசெய்யப் புதிதாக ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டாம். ஒவ்வொருவரும் சொன்ன பதில்கள் பதிவான தனிநபர் கோப்பில் எல்லாம் இருக்கிறது. ஒரு நாளுக்கு இரண்டு வேலைகள் வரை, ஏழு நாளுக்கும் கூலிக் கட்டங்கள் உள்ளன. அவற்றைக் கூட்டுங்கள், வெற்றுக் கட்டத்தைப் பூச்சியம் என்றே எடுங்கள். யாரைச் சேர்ப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். அந்த வாரத்தில் கூலி வேலை செய்தவரை மட்டும் எடுத்தால் மறுபடியும் அதே தவறு. வழக்கமான செயல்நிலைக் குறியீடு 51 ஆக உள்ள, அதாவது ஆண்டில் வழக்கமாகக் கூலி வேலைக்குப் போகும், அனைவரையும் எடுக்க வேண்டும். அந்த வாரம் அவர் 81 ஆக, அதாவது வேலை தேடியவராக, இருந்தாலும் சரி. 98 ஆக, அதாவது உடம்பு முடியாமல் படுத்தவராக, இருந்தாலும் சரி. பிறகு ஒவ்வொருவரும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எடைக்காரணியைப் பெருக்கி, சராசரியோடு இடைநிலை மதிப்பையும் (பாதிப் பேர் அதற்குக் கீழே) கீழ்க் கால்பங்கு மதிப்பையும் (கால்வாசிப் பேர் அதற்குக் கீழே) கொடுங்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரு நாள் வேலை. அவருக்கு அன்றைய சம்பளம் உறுதியாகக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறோம்.

சுயதொழில் செய்வோர் கதை வேறு. அவர்களிடம் கடந்த 30 நாள் வருமானம் கேட்கப்படுகிறது. நெல் விற்ற மாதத்தில் போனால் விவசாயி செழிப்பானவர், நாற்று நட்ட மாதத்தில் போனால் ஒன்றுமில்லாதவர். ஆண்டு முழுக்கப் பரவலாக வீடுகளைத் தேர்ந்தெடுப்பதால் மொத்தச் சராசரி ஓரளவு சரியாகிவிடும். ஒரு குடும்பத்தின் நிலை மட்டும் தெரியவே தெரியாது. அதே வயலில் களையெடுக்கும் மனைவிக்குக் குறியீடு 21, ஊதியமில்லாத குடும்ப உதவியாளர். அவர் பெயரில் வருமானமே கிடையாது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 2017-18-ல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24-ல் 41.7 ஆனதைப் பெருமையோடு அறிவித்தீர்கள். அந்த உயர்வில் 21-ஆம் குறியீட்டுக்கும் பங்கு உண்டு. வேலை கிடைத்துவிட்டது, சம்பளம்தான் இல்லை!

இனி அரசு உதவிப் பக்கம். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமப்புறத் தனிநபர் மாதச் செலவு 4,122 ரூபாய். இலவசமாகக் கிடைத்த பொருட்களுக்கு மதிப்புப் போட்டுச் சேர்த்தால் 4,247. வித்தியாசம் 125 ரூபாய். நகரத்தில் 6,996 என்பது 7,078 ஆகிறது, வித்தியாசம் 82. நாட்டின் நலத்திட்டம் தலைக்கு மாதம் 125 ரூபாய்தான் என்று வாதிட விரும்புவோருக்கும் இந்த எண் உதவும், ஏழைகள் அரசை நம்பியே வாழ்கிறார்கள் என்போருக்கும் உதவும். இரண்டுமே தவறு, ஏனென்றால் அந்த 125-க்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

ரேஷன் அரிசி, கோதுமை போன்ற உணவுப் பொருட்களும், மடிக்கணினி, மிதிவண்டி, பள்ளிச் சீருடை, காலணி போன்றவையும் அதில் உண்டு. அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கும் அரசுப் பள்ளிப் படிப்புக்கும் மதிப்புப் போடப்படவில்லை. தமிழ்நாட்டில் மகளிருக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. அந்தப் பயணத்துக்கும் மதிப்பு இல்லை. பயணச் செலவு குறைந்த குடும்பமாக மட்டுமே அவர்கள் தெரிவார்கள். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையோ பணமாக வந்து மளிகைக் கடையில் கரைந்துவிடுகிறது. அது நுகர்வுச் செலவுக்குள் இருக்கிறது, கணவரின் கூலியோடு கலந்து. எது உழைப்பு, எது உதவி என்று பிரிக்க வழியில்லை, ஏனெனில் அந்தக் கணக்கெடுப்பு கூலியைக் கேட்பதே இல்லை. கூலியைக் கேட்கும் பி.எல்.எஃப்.எஸ்., உதவித் தொகை எத்தனை ரூபாய் என்று கேட்பதில்லை. இரண்டும் தட்டும் கதவுகள் வேறு வேறு.

இந்த லட்சணத்தில் "இலவசங்களால் உழைப்பு கெட்டது" என்று ஒருவர் மேடையில் முழங்குகிறார், "திட்டங்களால் வறுமை ஒழிந்தது" என்று அடுத்த மேடையில் இன்னொருவர். இருவர் கையிலும் உங்கள் அறிக்கை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் யாருக்கு ரேஷன் என்பது 2011 மக்கள்தொகையை வைத்தே இன்னும் ஓடுகிறது. அதற்குப் பின் பிறந்த குழந்தை இன்று மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறது. பசிக்கு மட்டும் பழைய கணக்கு போதும் போலிருக்கிறது.

கோபத்தில் கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டோம், பொறுத்தருள வேண்டும். வருமானக் கணக்கெடுப்புக்கு வருகிறோம்.

இதன் முன்னோட்டத்தில், வருமானக் கேள்விகளுக்குப் பெரும்பாலானோர் சங்கடப்பட்டார்கள் என்று நீங்களே வெளியிட்டீர்கள். முந்தைய முயற்சிகளில் வருமானம், நுகர்வையும் சேமிப்பையும் கூட்டிய தொகையைவிடக் குறைவாக வந்ததும் உங்கள் ஆவணங்களில் இருப்பதுதான். மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ரேஷன் அட்டைக்கு ஒரு வரம்பு, முதியோர் உதவிக்கு இன்னொன்று. வருமானம் கேட்டு வரும் அரசு ஊழியர் பட்டியலிலிருந்து பெயரை நீக்க வந்தவராகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்? புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், 2008-ன் 9-ஆம் பிரிவு, சொன்ன விவரத்தைப் புள்ளிவிவரத்துக்கு அல்லாமல் வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதை அந்தந்த மொழியில் நாலே வரியில் அச்சிட்டு, முதல் கேள்விக்கு முன் களப்பணியாளர் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். தாளை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

உதவித் தொகையை "அரசு மாற்றுத்தொகை" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. உரிமைத் தொகை, முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன், பி.எம். கிசான் என்று மக்கள் வாயில் புழங்கும் பெயரிலேயே ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கடைசியாக எந்த மாதம் வந்தது என்பதையும் சேர்த்து. கூலிக்கு 30 நாளின் கூட்டுத்தொகையை ஒரே மூச்சில் கேட்காமல், வாரவாரமாக வேலை கிடைத்த நாள், கிடைக்காத நாள், கைக்கு வந்தது, பாக்கி நிற்பது என்று பிரித்துக் கேளுங்கள். நேரம் கூடுதலாகும்தான். குடும்பத்துக்கு என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தானே போகிறீர்கள்?

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறோம். வருமானக் கணக்கெடுப்பின் முதல் அறிக்கையிலேயே உழைப்பு வருமானம், பணமாக வந்த உதவி, பொருளாக வந்த உதவி மூன்றையும் மாநிலவாரியாக, கிராமம், நகரம் என்று பிரித்து, ஒரே அட்டவணையில் தாருங்கள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஏழு நாள் கூலிக் கணக்கை அடுத்த பி.எல்.எஃப்.எஸ். ஆண்டறிக்கையிலேயே சேருங்கள். முடியாது என்றால், எந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் முடியாது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கூலி, நலத்திட்டப் புள்ளிவிவரங்களைப் பயன்படுத்துவோர்