மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. "மாத்திரை ஒத்துக்கலை போலிருக்கு அப்பா, நாலு நாள் நிறுத்திப் பார்க்கட்டுமா?" என்று நீ கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "வேண்டாம்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எச்.ஐ.வி. மாத்திரையை ஏன் நிறுத்த வேண்டாம் என்பதை உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா காலையில் கோயிலுக்குப் போயிருக்கிறாள், வீடு அமைதியாக இருக்கிறது.

முப்பத்தைந்து வருஷம் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவன் நான். நான் டாக்டர் இல்லை. ஆனால் கண்ணில் கரும்புள்ளி, புகை என்று நீ சொன்ன அறிகுறிகளைக் கேட்டதும் எனக்கு ஒரு லாரி டிரைவர் ஞாபகம் வந்துவிட்டார். இருபது வருஷமாக யாரிடமும் நான் சொல்லாத விஷயம் அது.

2004 ஏப்ரல் 1ஆம் தேதி அரசாங்கம் எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் முதலில் தாம்பரம் ஆஸ்பத்திரியில்தான் கிடைத்தது. இந்த டிரைவர் மாதம் தவறாமல் ராத்திரி பஸ் ஏறித் தாம்பரம் போய் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். நாலைந்து மாதத்தில் உடம்பு தேறி, தொளதொளவென்று கிடந்த சட்டை அளவாகிவிட்டது. அப்போதுதான் ஒரு கண்ணில் புகை மூட்டம் என்று என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கண் சிவக்கவில்லை, வலியும் இல்லை. பின்னால் வரிசையில் நாற்பது பேர். "வேறே மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அத்தனை பேர் காதில் விழும்படி அவரும் சொல்லவில்லை. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மாத்திரைச் சூடுதான் கண்ணைக் கெடுக்கிறது என்று அவராகவே முடிவுகட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்து மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாத்திரை நின்றதும் எதிர்ப்புச் சக்தி சரிந்து, கண்ணைத் தின்னும் கிருமி மறுபடி பெருகி, நன்றாக இருந்த கண்ணின் விழித்திரையும் அரிக்கப்பட்டிருந்தது. அந்த நாற்காலியை அவர் கையால் தடவித் தடவிப் பார்த்து உட்கார்ந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் உன் சி.டி.4 அணுக்கள், அதாவது எதிர்ப்புச் சக்தி தரும் ரத்த அணுக்கள், 22தான் இருந்தன. ஐம்பதுக்குக் கீழே போனால்தான் பெரும்பாலும் சி.எம்.வி. என்கிற வைரஸ் கிருமி விழித்திரையில் ஏறும். உன் வலது கண்ணில் ஏறியது. கண்ணுக்குள் ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்து அதை அடக்கினார்கள். பிறகு ஏ.ஆர்.டி. ஆரம்பித்தாய். நாலு மாதத்தில் சி.டி.4 140க்கு வந்துவிட்டது என்று போன வாரம் சந்தோஷமாகச் சொன்னாய். அதே வாரம் கண்ணில் கரும்புள்ளிகளும் புகையும். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் கண்ணு.

ஆள் இல்லாத வீட்டில் திருடன் புகுந்தால் சத்தமே கேட்காது. வீட்டுக்காரர்கள் திரும்பி வந்த பிறகுதான் கூச்சலும் கூட்டமும். மார்ச்சில் உன் கண்ணுக்குள் சண்டை போட ஆளே இல்லை, அதனால் கிருமி சத்தமில்லாமல் தின்றது. இப்போது உன் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி திரும்பியிருக்கிறது. அது கண்ணுக்குள் போய், கிருமி விட்டுப்போன மிச்சத்தைப் பார்த்துக் கொந்தளிக்கிறது. அந்தக் கொந்தளிப்புதான் அழற்சி. இம்யூன் ரிகவரி யுவைடிஸ் என்பார்கள். 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்து நோயாளிகள் பிழைக்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அதற்கு முன்னால் சண்டை போடும் அளவுக்கு எதிர்ப்புச் சக்தி யாருக்கும் திரும்பவில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கே இது அடையாளம். இதற்குப் போய் மாத்திரையை நிறுத்துவதா?

ஆனால் அதுதான் இது என்று போனில் கேட்டு நான் முடிவு சொல்லக் கூடாது. சி.எம்.வி.யே திரும்பியிருக்கலாம், காசநோயோ, சிபிலிஸ் என்கிற பால்வினை நோயோ கண்ணில் இறங்கியிருக்கலாம். சிபிலிஸுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் சங்கடப்படாதே, கொடுத்துவிடு. கண் பாப்பா விரிய மருந்து விட்டு, உள்ளே முழுவதும் பார்த்தால்தான் தெரியும். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் விழும்போது தூசி மிதக்குமே, நம் பழைய வீட்டில் நீ கை நீட்டிப் பிடிக்கப் பார்ப்பாய். கருவியின் ஒளிக்கற்றையில் கண்ணுக்குள் அழற்சி அணுக்கள் அப்படித்தான் மிதக்கும். விழித்திரை நடுவில் நீர் கோத்திருக்கிறதா என்று விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் பார்ப்பார்கள். பார்வை குறைவதற்குப் பெரும்பாலும் அந்த நீர்தான் காரணம். அழற்சி அடங்க ஸ்டீராய்டு சொட்டு, தேவைப்பட்டால் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி. அதனால் கண் அழுத்தம் ஏறலாம், புரை வரலாம். சொன்ன தேதியில் போய்க் காட்ட வேண்டும். சி.எம்.வி. மாத்திரையையும் அவர்கள் சொல்லும்வரை நீயாக நிறுத்தாதே.

டாக்டரிடம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல். சாப்பிடும் மாத்திரை டப்பாக்களை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போ. எச்.ஐ.வி. மருந்துகளில் சில, ஸ்டீராய்டோடு சேர்ந்தால் அதை உடம்பில் அளவுக்கு மீறித் தங்க வைத்துவிடும். நீ சாப்பிடும் டோலுடெக்ராவிர் மாத்திரை அந்த வகை இல்லை, ஆனாலும் அவருக்குத் தெரிய வேண்டும். ஆபீஸுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாய். உன் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017இல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

கடிதத்தைப் படித்ததும் ஒரு காரியம் செய். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார். கம்பி வளைந்து தெரிகிறதா? அப்புறம் அடுத்த கண். தெரிவதை அப்படியே எழுதி வை, டாக்டரிடம் காட்டலாம். கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல இருந்தாலோ விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம். அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போ, எனக்காகக் காத்திருக்காதே.

மே மாதம் உனக்கு எச்.ஐ.வி. என்று நீ முதன்முதலில் சொன்னபோது நான் இரண்டு நாள் உன்னிடம் பேசவில்லை. கோபம் இல்லை கண்ணு, பயம். அந்த டிரைவருக்கும் உன் வயதுதான் இருக்கும்.

இன்றைக்கு ராத்திரி ஈரோட்டிலிருந்து பஸ் ஏறுகிறேன். விடிவதற்குள் பெங்களூர் வந்துவிடுவேன். காலையில் நாம் இரண்டு பேரும் கண் டாக்டரிடம் போவோம். மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட முடியாது. சாவியை என்னிடம் கொடுத்துவிடு. இன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு.

அன்புடன்,
அப்பா