நிற்கும் காரைப் பூட்டுங்கள். உள்ளிருந்து திறக்கிறதா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 ஜூனில் நெல்லை மாவட்டம் பணகுடி அருகே, நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் இறந்தார்கள். 2025 மே மாதம் ஆந்திரத்தின் விஜயநகரம் பகுதியில் அதேபோல நான்கு குழந்தைகள். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் 'ஆட்டோ லாக் விழுந்துவிட்டது' என்ற பேச்சு கிளம்புகிறது. எல்லாக் கதவுகளையும் ஒருசேரப் பூட்டும் சென்ட்ரல் லாக்கையே கழற்றிவிடச் சொல்லிப் பட்டறைக்கு வருகிறவர்களும் உண்டு. கழற்றினால் காரைப் பூட்டாமல் விடும் பழக்கம்தான் கூடும். பூட்டாத காருக்குள்தான் குழந்தை ஏறும்.

வேகம் பார்த்துத் தானாகப் பூட்டும் வசதி, பெரும்பாலான மாடல்களில் மணிக்கு 10 முதல் 20 கி.மீ. தொடும்போது வேலை செய்வது. நிற்கும் காரில் அது விழாது. நிற்கும் காரில் தானாகப் பூட்டு விழுவதற்கு வேறொரு காரணம் உண்டு. ரிமோட்டில் திறந்துவிட்டுச் சுமார் அரை நிமிடம் எந்தக் கதவையும் திறக்காவிட்டால் பல கார்கள் மீண்டும் பூட்டிக்கொள்ளும். சட்டைப் பையில் ரிமோட் அழுந்தித் திறந்து, பிறகு தானே பூட்டிக்கொள்வது இப்படித்தான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது சைல்டு லாக். பின்கதவைத் திறந்தால், லாட்ச் (கதவைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி) இருக்கும் விளிம்பில் ஒரு சிறு நெம்புகோல் தெரியும். சில கார்களில் சாவி முனையால் திருப்பும் துளை. அதைப் போட்டுவிட்டால் உள்கைப்பிடி லாட்சை இழுக்காது. லாக் குமிழ் மேலே இருந்தாலும் சரி, பேட்டரி முழுதாக இருந்தாலும் சரி, உள்ளிருந்து திறக்க முடியாது. வெளிக் கைப்பிடி மட்டும் திறக்கும். பின்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்திய குழந்தைக்கு அந்தக் கதவு அதோடு முடிந்தது. வழி முன்கதவில்தான். முன்சீட்டுக்குத் தாவி வந்து டிரைவர் கதவின் கைப்பிடியை இழுக்க வேண்டும், ஒருமுறையில் திறக்காவிட்டால் இன்னொருமுறை இழுக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் ஹார்னை விடாமல் அழுத்த வேண்டும் என்று நான்கைந்து வயதுப் பிள்ளைக்குச் செய்து காட்டியே பழக்கலாம். சாவி போடாமல் ஹார்ன் அடிக்காத மாடல்களும் உண்டு. உங்களுடையது எப்படி என்று முதலில் அழுத்திப் பாருங்கள்.

மின்சாரம் போனாலும் கதவைக் கையால் திறக்க வழி இருக்க வேண்டும் என்ற விதி 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். அதற்கு முந்தைய கார்களை, குறிப்பாக கம்பெனியில் அல்லாமல் வெளிக்கடையில் சென்ட்ரல் லாக் கிட் போட்டவற்றை, சோதிக்காமல் நம்ப வேண்டாம். அந்தக் கிட்டில் டிரைவர் கதவுக்கு 5 ஒயர் மோட்டார், மற்ற மூன்று கதவுக்கு 2 ஒயர் மோட்டார் வரும். மோட்டாரின் கம்பி, கதவின் லாக் கம்பியோடு ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். அவசரத்தில் சாய்வாக முடுக்கிவிட்டால் பாதி தூரத்தில் நின்றுவிடும். குமிழ் முழுதாக எழாது, கைப்பிடியும் பிடிக்காது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து துண்டு சிக்கினால் பெரியவர் விரலுக்கே குமிழ் அசையாது. ஒரு கதவு மட்டும் சில நேரம் பூட்டி, சில நேரம் பூட்டாமல் இருந்தால் மோட்டாரை மாற்றும் முன் கதவுக்கும் அது மாட்டியிருக்கும் பில்லருக்கும் (தூணுக்கும்) நடுவே, ஒயர் போகும் ரப்பர் மடிப்புக் குழாயான பெல்லோவை விலக்கிப் பாருங்கள். திறந்து மூடும் மடிப்பில் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். டிரைவர் கதவில் இது அதிகம். இன்னொன்று: ஏர்பேக்கோடு வரும் கம்பெனி சிஸ்டத்தில் மோதலின்போது கதவுகளின் பூட்டு தானே விடுபடுவதற்குப் பெரும்பாலும் ஏற்பாடு இருக்கும். வெளிக் கிட்டில் அது கிடையாது.

சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஒரு பெரியவர் உள்ளே உட்காரட்டும். வெளியே இருப்பவர் ரிமோட்டில் பூட்டி ஒரு நிமிடம் கழித்து, உள்ளே இருப்பவர் நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கட்டும். அலாரம் கத்தினால் கத்தட்டும். சில மாடல்களில், பெரும்பாலும் ஐரோப்பியத் தயாரிப்புகளில், டெட்லாக் இருக்கும். வெளியிலிருந்து பூட்டினால் முன்கதவின் உள்கைப்பிடியும் செத்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளவே இந்தச் சோதனை.

சாவி விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. சாவி உள்ளே இருந்தால் பூட்ட மறுப்பது, சாவி அருகில் இருப்பதைத் தானே உணரும் ஸ்மார்ட் கீ கார்களின் வழக்கம். ஆனால் ரிமோட்டின் பட்டன் பேட்டரி தீரும் நிலையில் இருந்தாலோ, மேலே உலோக உறை போட்டிருந்தாலோ கார் அந்தச் சாவியை உணராமல் பூட்டிக்கொள்ளக்கூடும். பல ரிமோட்டுகளுக்கு சி.ஆர். 2032 பேட்டரிதான். பட்டனை இரண்டு முறை அழுத்தினால்தான் வேலை செய்கிறது என்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். காருக்குள் இருக்கும் குழந்தையின் கையில் சாவியை விளையாடக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் மெக்கானிக் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். செய்திகளில் மூச்சுத் திணறல் என்று எழுதப்பட்டாலும் கார் காற்றுப் புகாத பெட்டி அல்ல. பெரும்பாலும் உயிரை எடுப்பது வெப்பம். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சுமார் 20 டிகிரி செல்சியஸ் ஏறும், அதில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள். கண்ணாடியை விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். குழந்தைக்குத் தூரமாக உள்ள பக்கக் கண்ணாடியை, நடுவில் அல்லாமல் மூலையில், கூர்மையான கனத்த பொருளால் அடியுங்கள், பொடிப்பொடியாக உதிரும். முன்கண்ணாடியில் நேரத்தை வீணாக்க வேண்டாம், இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் ஒட்டியிருப்பதால் விரிசல் மட்டுமே விடும்.

புதுக் கார் டெலிவரியின்போது பாட்டுப் பெட்டியை விளக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். சைல்டு லாக் எங்கே இருக்கிறது, மின்சாரம் இல்லாமல் கதவு எப்படித் திறக்கும் என்பதையும் ஷோரூம்காரர்கள் கையால் செய்து காட்ட வேண்டும். சர்வீஸ் படிவத்தில் நான்கு கதவும் உள்ளிருந்து திறக்கிறதா என்று ஒரு வரி சேர்த்தால் செலவு எதுவும் இல்லை.

வீட்டோரம் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் கார்களுக்குக் கடைசியாக ஒன்று. பேட்டரி இறங்கிய காரில் ரிமோட் அடித்தால் பூட்டாது. டிரைவர் கதவைச் சாவியால் பூட்டி, மற்ற மூன்றையும் குமிழை அழுத்திச் சாத்திவிட்டு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். டிக்கியையும் விட்டுவிடாதீர்கள். பின்சீட்டு மடங்கும் கார்களில் குழந்தை அந்த வழியாக டிக்கிக்குள் நுழையும். பல கார்களில் டிக்கியை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடியே கிடையாது.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரிக்கல் வேலை செய்வோர்,
கோவை