பிள்ளையின் காதைக் காட்டினாயா?

முக்கூடல்,
ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். ஆற்றில் தண்ணீர் வருகிறது. பேரனைக் காது டாக்டரிடம் காட்டினாயா? போனில் கேட்டால் "பார்க்கிறேன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய்.

கோயில் கொடைக்கு வந்தபோது அவன் தலையணை உறையில் சீழ்க்கறை இருந்தது. அம்மா சொல்லவில்லை, கொடியில் காயும்போது நானே பார்த்தேன். பாளையங்கோட்டையில் என் இருமலுக்குப் பார்க்கும் டாக்டரிடம் விசாரித்தேன். நியூமோகாக்கஸ் என்கிற கிருமி, ஓடியாடுகிற பிள்ளைகளின் மூக்குக்குள்ளும் நோய் காட்டாமல் குடியிருக்குமாம். மூக்கின் உள்ளே நுண்மயிர்கள் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வீட்டில் புகை இருந்தால் அவை தளர்ந்துவிடும், கிருமி ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து நடுக்காதுக்கு ஏறும். சில பிள்ளைகளுக்கு நுரையீரலுக்கும் இறங்கும். தமிழ்நாட்டில் அதற்கான தடுப்பூசியை 2021இல்தான் இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். நம் பையன் அதற்கு முன்பே பிறந்தவன். போட்டதா என்று சீட்டைப் பார்.

"வீட்டில் யார் புகைப்பது?" என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

அம்மா நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றிக் கட்டிய பீஸில் படித்தவன் நீ. தெருவில் உன்னைப் பெருமையாகச் சொல்லாத வாய் இல்லை. கொடைக்கு வந்த அன்று இரவு சாப்பிட்டதும் தொழுவத்துப் பக்கம் போய்வந்தாய். பிள்ளை ஓடிவந்து உன் சட்டையில் முகம் புதைத்தான். அதற்கு மேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்றாம் வகுப்பில் உனக்கு வலது காது ஒழுகியது. ராத்திரியெல்லாம் அழுதாய். உன் தலையை மடியில் சாய்த்து, பீடியை ஆழ இழுத்து, அந்தப் புகையைக் காதுக்குள் ஊதினேன். வைத்தியம் என்று நம்பினேன். சூடு பட்டதும் அடங்கிப்போனாய், நானும் மீதிப் பீடியை அங்கேயே குடித்து முடித்தேன். நனைத்த பீடி இலை காய்ந்துவிடக் கூடாதென்று சன்னலும் சாத்தியிருந்தது. இன்றும் போன் வந்தால் இடது காதுக்கு மாற்றுகிறாய். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பிசைகிறது.

சனிக்கிழமையே காட்டிவிடு. காது வலி நின்றாலும் காட்டு. டாக்டர் அதே கேள்வியைக் கேட்டால் மறைக்காமல் சொல்.

அம்மா சுக்குக் கருப்பட்டி கொடுத்துவிட்டிருக்கிறாள். பிள்ளைக்கு இல்லை, உனக்குத்தான். பீடியை விட்ட முதல் மாதம், கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்போதெல்லாம் ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டேன்.

அப்பா