செயல்திட்டத்தின் பயன் குறிப்பேட்டில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி அறிவியல் செயல்திட்டங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நாளைய விஞ்ஞானிகளை உருவாக்குவது குறித்தே எழுதுகிறார்கள். ஆய்வகத்தின் பக்கமே பிற்காலத்தில் போகாத மாணவர்களுக்கும் அவற்றால் நிலைத்த பயன் உண்டு என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். ஓர் அளவீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கும் பழக்கமே அப்பயன்.

நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்ட, ஒரு மீட்டர் நீளமுள்ள தனி ஊசலின் அலைவு நேரம், அதாவது அது ஒரு முறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம், ஏறத்தாழ 2 விநாடி. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 விநாடி பிந்தினாலே, ஒரேயோர் அலைவை மட்டும் அளந்தவரின் விடையில் 10 விழுக்காடு பிழை புகுந்துவிடும். 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்து 20ஆல் வகுத்தாலோ, விரல் அதே அளவு பிந்தினாலும், பிழை அரை விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. கருவியை மாற்றாமல் அளக்கும் முறையை மாற்றியே துல்லியத்தைக் கூட்டலாம் என்று தன் கையால் செய்து கண்ட மாணவி, பின்னாளில் கணக்கரானாலும் செவிலியரானாலும், ஒரு முறை மட்டும் எடுத்த அளவைக் கொண்டு எளிதில் முடிவுக்கு வரமாட்டார். குண்டின் எடையை மாற்றிச் சோதிக்கும்போது நூலின் நீளத்தை மாற்றக் கூடாது என்பதும் அவருக்கு அங்கேயே பிடிபடும். ஓர் உரத்தால் விளைச்சல் கூடியதாகச் சொன்னால், அந்த உரம் இடாத பாத்திக்கும் அதே அளவு நீர் பாய்ச்சினார்களா என்று கேட்கத் தோன்றுவது இதன் தொடர்ச்சிதான்.

ஆனால் கண்காட்சிகளில் பரிசு பெறுபவை பெரும்பாலும் சமையல் சோடாவும் வினிகரும் பொங்கி வழியும் எரிமலை மாதிரிகளே. (அவற்றில் பெற்றோரின் கைவண்ணம் எவ்வளவு என்பது நடுவர்களுக்கும் தெரியும்.) எதிர்பார்த்த விடை வராத மாணவர்கள் எண்களைத் திருத்தி எழுதுவதும் இத்தகைய போட்டியால் நேர்வதே. ஒளி பரவ உதவுவதாக அன்று நம்பப்பட்ட ஈதர் என்னும் ஊடகத்தில் பூமி நகர்வதால் ஒளியின் வேகத்தில் வேறுபாடு தெரியும் என்று கருதி 1887இல் அறிவியலாளர்கள் மைக்கேல்சனும் மார்லியும் செய்த சோதனையில், எதிர்பார்த்த வேறுபாடு தென்படவில்லை. அந்த முடிவை அவர்கள் அப்படியே வெளியிட்டார்கள். இயற்பியல் வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. பள்ளிக் குறிப்பேட்டில் மட்டும் அத்தகைய முடிவுக்கு மதிப்பெண் குறைவது முறையன்று.

ஆகவே நடுவர்கள் மாதிரியைப் பார்க்கும் முன் குறிப்பேட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அடித்துத் திருத்திய பக்கங்களையும், பொருந்தாத அளவுகளுக்கு மாணவர் எழுதிய விளக்கத்தையும் படித்து, மதிப்பெண்ணில் பாதியையாவது அவற்றுக்கு ஒதுக்க வேண்டும். கண்காட்சிச் செய்திகளை வெளியிடும் தங்கள் இதழும், பரிசு பெற்ற மாதிரியின் படத்துடன், மாணவர் எந்தக் கேள்விக்கு விடை தேடினார், எத்தனை முறை அளந்தார் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்